கனடாவில் பிஆராகவே இருப்பதா, குடியுரிமை வாங்குவதா?

கனடாவில் நாலைந்து வருடம் ஓட்டிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கார்டு முடியப்போகிறது. புதுப்பித்தால் போதுமா, குடியுரிமைக்கே போட்டுவிடலாமா? கணவர் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வார். ஊரிலிருந்து அப்பா, "இந்திய பாஸ்போர்ட்டை மட்டும் விட்டுடாதப்பா" என்பார். கூட வேலை பார்ப்பவரோ, "இன்னும் நீ வாங்கலையா?" என்று ஆச்சரியப்படுவார்.

இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் வைத்துக்கொள்வதில் கனடாவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. 1977-லிருந்து அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொள்கிறது. சிக்கல் இந்தியப் பக்கம்தான். அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்பும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் சொல்வது இதைத்தான்: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் உத்தரவு போட வேண்டியதும் இல்லை. கனடியக் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்த மறுநாள் கையில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட் செல்லாது. அதைக் காட்டிப் பயணம் போவது குற்றம். "ரெண்டையும் கமுக்கமா வச்சுக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் கணக்கு வேறு. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

எந்த பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம் என்று பட்டியல் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டு நிலவரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை:

- அடுத்த பத்து வருடத்தில் கனடாவை விட்டு நீண்ட காலம் வெளியே இருக்க வேண்டி வருமா? ஊரில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, துபாயிலோ அமெரிக்காவிலோ வேலை, எதுவானாலும்.
- இப்போது இருக்கும் அந்தஸ்து எவ்வளவு எளிதாகப் பறிபோகும்?
- பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? குறிப்பாக, இந்தியாவில் மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணம் உண்டா?
- ஊரில் நிலம், வீடு, வங்கிக் கணக்கு என்ன ஆகும்?
- மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிறதா?

வரியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, காரணத்தோடுதான். குடிமக்கள் எங்கே இருந்தாலும் வரி கேட்பது அமெரிக்காவின் வழக்கம். கனடா வசிப்பிடத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் பிஆராக இருந்தாலும் குடிமகனாக இருந்தாலும் இங்கே வசிக்கும்வரை உலக வருமானம் முழுவதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சொத்தின் அடக்கவிலை ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 படிவமும் இருவருக்கும் பொதுதான் (சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் வீடு அதில் சேராது). ஓய்வூதியத்தையும் சேர்க்கவில்லை. முதியோர் ஓய்வூதியமான ஓஏஎஸ், 18 வயதுக்குப் பிறகு எத்தனை வருடம் கனடாவில் வாழ்ந்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வரும்: இங்கே இருந்து வாங்கக் குறைந்தது 10 வருடம், ஊரில் இருந்துகொண்டு வாங்க 20 வருடம்.

## வழி 1: பிஆராகவே தொடர்வது

அன்றாட வாழ்க்கையில் பிஆருக்கும் குடிமகனுக்கும் வித்தியாசம் குறைவு. மருத்துவ அட்டை, பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன், வேலை எல்லாம் ஒன்றுதான். முன்பு அரசு வேலையில் குடிமக்களுக்கு இருந்த முன்னுரிமைகூட 2021-லிருந்து பிஆருக்கும் உண்டு. ராணுவமே 2022-ல் பிஆர் வைத்திருப்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இல்லாதவை வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் உரிமை, கனடிய பாஸ்போர்ட், உயர்ந்த பாதுகாப்புச் சோதனை கேட்கும் சில பணிகள். கார்டைப் புதுப்பிக்க 50 டாலர்.

இவ்வளவு மலிவா என்று தோன்றும். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

முதல் செலவு, 730 நாள். எந்த ஐந்து வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். சாதாரண நாளில் இது ஒரு பொருட்டே இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஊருக்குப் போய் ஆறு மாதம் என்று நினைத்தது மூன்று வருடம் ஆகும்போதுதான் இந்த எண் கழுத்தைப் பிடிக்கும். மனிதாபிமான அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. கார்டு முடிந்த நிலையில் சென்னையில் மாட்டிக்கொண்டால், விமானம் ஏறுவதற்கே தனியாகப் பயண ஆவணம் வாங்க வேண்டும். அப்போதும் நாள் கணக்கைத் தோண்டுவார்கள்.

இதில் பலர் தவறாக நம்புவது ஒன்று உண்டு. பிள்ளை கனடாவில் பிறந்தது, அது கனடியக் குடிமகன், அதோடு ஊரில் இருந்தால் நாள் கணக்கில் சேரும் என்று நினைக்கிறார்கள். சேராது. கனடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் கூட இருந்தால் சேரும்.

இரண்டாவது செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிஆர் வைத்திருப்பவர் "கடுமையான குற்றம்" செய்ததாகத் தீர்ப்பானால் நாட்டை விட்டு அனுப்ப முடியும். உச்சத் தண்டனை பத்து வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம் எதுவும் இந்த வகையில் விழும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையை 2018 டிசம்பரில் ஐந்து வருடத்திலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். ஆக, நீதிமன்றம் வெறும் அபராதத்தோடு விட்டாலும், கல்யாண வரவேற்பு முடிந்து காரை எடுத்த ஒரு ராத்திரி ஒருவரின் பிஆரையே கேள்விக்குள்ளாக்க முடியும். அதே தப்பைக் குடிமகன் செய்தால் அபராதமும் உரிம ரத்தும் உண்டு, நாடுகடத்தல் கிடையாது. குடியுரிமையைப் பறிக்க இன்றைக்கு இருக்கும் காரணம், அதைப் பொய் சொல்லி வாங்கினார் என்பது ஒன்றே.

மூன்றாவது, விசாச் செலவு. இந்திய பாஸ்போர்ட்டில் ஐரோப்பா போக ஷெங்கன் விசா ஒருவருக்கு 90 யூரோ, அமெரிக்காவுக்கு 185 டாலர். பணத்தைவிட அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பதுதான் எரிச்சல். இதெல்லாம் வருடம் ஒருமுறை சுற்றுலா போகிறவர்களுக்கு. ஊருக்கும் கனடாவுக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு இது பூஜ்யம்.

இது யாருக்குச் சரி? இன்னும் சில வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு. ஊரில் விவசாய நிலம் வாங்கி அங்கேயே இருக்க நினைப்பவர்களுக்கு. இந்தியாவில் அரசுப் பணியோ அரசியலோ எண்ணத்தில் உள்ளவர்களுக்கு. "முடிவு எடுக்க முடியல, அதனால பிஆர்லயே இருக்கோம்" என்பவர்களுக்கு இது பொருந்தாது. தள்ளிப்போடுவதற்கு ஏற்ற அந்தஸ்து குடியுரிமைதான். அது காலாவதி ஆகாது. பிஆரின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

## வழி 2: கனடியக் குடியுரிமையும் ஓசிஐயும்

தகுதி இது: விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பிஆர் ஆவதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த நாட்கள் அரை நாளாகக் கணக்காகும், உச்சம் 365. தேவைப்படும் இடங்களில் மூன்று வருட வரிக்கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் மொழித் திறனைக் காட்ட வேண்டும். பள்ளியையோ கல்லூரியையோ ஆங்கில வழியில் முடித்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலே போதும், மறுபடி ஐஎல்ட்ஸ் எழுத வேண்டியதில்லை. 20 கேள்வித் தேர்வில் 15 சரியாக இருக்க வேண்டும். அரசே தரும் இலவசப் புத்தகத்தைப் படித்தால் பாஸ்தான்.

1,095 நாள் ஆன அன்றே அனுப்பாதீர்கள். எங்கோ ஒரு பயணத் தேதியை மறந்து மூன்று நாள் குறைந்தால் விண்ணப்பமே போச்சு. சில வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

இப்போது செலவு. பெரியவருக்கு ஏறக்குறைய 650 கனடிய டாலர், குழந்தைக்கு 100. பத்து வருடக் கனடிய பாஸ்போர்ட் 160-ஐ ஒட்டி. பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கும் கட்டணம், ஓசிஐக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) ஆளுக்கு 275 அமெரிக்க டாலர். இரண்டு பெரியவர், பிஆரில் இருக்கும் ஒரு குழந்தை என்று கணக்குப் போட்டால் மொத்தம் மூவாயிரம் கனடிய டாலரை ஒட்டி வரும். இது ஒருமுறைச் செலவு. ஆனாலும் யோசிக்காமல் இறங்கியவர்களுக்கு அந்த மாதம் கொஞ்சம் திணறும்.

கிடைப்பது என்ன? 730 நாள் கவலை ஒழிந்தது. மூன்று வருடம் மதுரையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. வெளிநாட்டில் பிள்ளை பிறந்தாலும் அது பிறப்பிலேயே கனடியக் குடிமகன். பிஆராக இருந்தால் அந்தக் குழந்தைக்குத் தனியாக ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்தே கனடியத் தேர்தலில் தபாலில் வாக்களிக்கலாம். ஐடியிலும் பொறியியலிலும் இருப்பவர்களுக்குப் பெரிய லாபம் டிஎன் விசா. கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டும் கிடைக்கும் இந்த வழியில், பட்டியலில் உள்ள தொழிலாக இருந்தால் எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல் எதுவும் இல்லாமல் அமெரிக்காவில் வேலைக்குப் போகலாம். பிஆர் கார்டைக் காட்டி இது கிடைக்காது.

ஓசிஐ என்பது ஆயுளுக்கும் செல்லும் இந்திய விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் குடியுரிமை இருக்கிறது, உள்ளே இல்லை. வாக்குரிமை கிடையாது. அரசுப் பதவி கிடையாது. பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப்பணி, மலையேற்றம் போன்றவற்றுக்கு முன்னனுமதி வேண்டும். மத்திய அரசு நினைத்தால் அதை ரத்து செய்யவும் முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அரசு அறிவிக்கும் சட்டங்களை மீறினாலே ரத்து செய்யலாம் என்று அந்த அதிகாரம் விரிந்திருக்கிறது. விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்துவிட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும் என்பது ஒரு ஆறுதல். இந்திய அரசியலைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

### நிலத்தைப் பற்றிய பயம்

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: குடியுரிமை மாறினால் ஊர் நிலம் போய்விடுமா? போகாது. இருக்கும் நிலம் உங்களுடையதுதான், அப்பாவின் வயல் வாரிசாக வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். ஓசிஐ உள்ளவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ புதிதாக வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தடை என்ஆர்ஐக்கும் உண்டு என்பது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கனடாவில் வசிப்பவரும் அந்நியச் செலாவணி விதிப்படி விவசாய நிலம் வாங்க முடியாது. நீங்கள் பயப்படும் இழப்பு, வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியபோதே நடந்துவிட்டது. வித்தியாசம் திரும்பிப் போகும்போதுதான் வரும். ஊருக்கே திரும்பிக் குடியேறிய இந்தியக் குடிமகன் தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்கலாம், ஓசிஐ உள்ளவருக்கு அது இல்லை. வீடு, அடுக்குமாடி, வீட்டுமனை வாங்க இருவருக்கும் தடையில்லை.

வங்கியிலும் அப்படித்தான். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகள் தொடரும், புது பாஸ்போர்ட்டையும் ஓசிஐயையும் கொடுத்து விவரத்தை மாற்ற வேண்டும். பான் எண் அதேதான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

### நீட் என்று ஒன்று இருக்கிறது

நிலத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. படவேண்டியது இதற்குத்தான். 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த அறிவிக்கையின்படி, ஓசிஐ உள்ள மாணவர்கள் நீட் எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கும், வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கான இடங்கள் இல்லை. அதற்கு முன்பே ஓசிஐ பெற்றிருந்தவர்களை இது பாதிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது. இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு அந்த நிழல் கிடையாது. தனியார் கல்லூரியில் என்ஆர்ஐ இடத்துக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று ஊரில் விசாரித்தால் தெரியும். பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறது, இந்தியாவில் டாக்டராக்கும் எண்ணம் உண்மையிலேயே இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளையின் குடியுரிமையைப் பற்றித் தனியாக முடிவெடுங்கள். இந்தியாவில் படிக்க வைக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

திரும்ப வழி உண்டா? உண்டு, மெதுவான வழி. ஓசிஐ பெற்று ஐந்து வருடம் ஆகி, அதில் கடைசிப் பன்னிரண்டு மாதம் இந்தியாவிலேயே வசித்தவர் மறுபடி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கனடியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும்.

இது யாருக்குச் சரி? கனடாவில்தான் வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு. அதைவிட முக்கியமாக, ஊருக்குப் போய் நீண்ட நாள் இருக்க வேண்டி வரலாம் என்று சந்தேகப்படுபவர்களுக்கு. கேட்பதற்கு முரணாக இருக்கும். ஊரில் பெற்றோரோடு இருக்க விரும்புகிற, ஆனால் கனடாவையும் கைவிட முடியாத ஒருவருக்கு இந்திய பாஸ்போர்ட்டைவிடக் கனடிய பாஸ்போர்ட்தான் ஊரில் அதிக நாள் இருக்க விடும்.

## வழி 3: வீட்டில் ஒருவர் மட்டும் மாறுவது

குடும்பமே சேர்ந்து ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மனைவி கனடியக் குடிமகளாகிறார், கணவர் இந்தியராகவே பிஆரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்?

இருவரும் ஊருக்குப் போய் இருந்தால், கணவர் குடிமகளான மனைவியோடு வசிக்கும் நாட்கள் அவருடைய 730-ல் சேரும். ஒரு எச்சரிக்கை: அவர் மனைவியோடு போனதாக இருக்க வேண்டும். கணவர் முதலில் போய் வேலையில் சேர்ந்து, மனைவி ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்த கதையாக இருந்தால் அதிகாரிகள் கேள்வி கேட்பதுண்டு. ஒன்றாக வசித்ததற்கான காகிதங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். அதையும் மீறிக் கணவரின் பிஆர் போய்விட்டால், கனடியக் குடிமகள் இந்தியாவில் இருந்தபடியே அவரை ஸ்பான்சர் செய்யலாம், இருவரும் கனடா திரும்பப் போவதாகக் காட்டினால் போதும். வெளிநாட்டில் இருக்கும் பிஆருக்கு அந்த உரிமை கிடையாது.

மறுபக்கம், ஊரில் குடியேறினால் நிலம் கணவர் பெயரில் வாங்கலாம், ஓட்டுப் போடலாம். ஊரில் இல்லாவிட்டாலும் 6ஏ படிவம் கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், வாக்களிக்க மட்டும் நேரில் போக வேண்டும்.

சங்கடம் விமான நிலையத்தில். லண்டனுக்கு ஒருவர் ஐந்து நிமிடத்தில் இணையத்தில் அனுமதி வாங்குவார், மற்றவர் விரல்ரேகை கொடுக்க அலைவார். அப்புறம், முதல் வழியில் சொன்ன குற்றத் தீர்ப்பு அபாயம் பிஆரில் இருப்பவருக்கு அப்படியே இருக்கிறது. யார் மாறுவது என்பதில் என் ஆலோசனை: வேலைக்காக நாடு விட்டு நாடு போக வாய்ப்புள்ளவர் மாறட்டும், ஊரில் சொத்தும் பொறுப்பும் உள்ளவர் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## வழி 4: இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை

இலங்கைச் சட்டப்படியும் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். ஆனால் அங்கே மீட்கவும் தக்கவைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கனடிய உறுதிமொழிக்கு முன்பே விண்ணப்பித்துத் தக்கவைக்கலாம், பிறகு விண்ணப்பித்து மீட்கலாம். வயது, கல்வித் தகுதி, இலங்கையில் உள்ள சொத்து அல்லது வைப்பு என்று ஏதாவது ஒரு பிரிவில் தகுதி காட்ட வேண்டும். கட்டணம் இலங்கை ரூபாயில் லட்சக்கணக்கில் போகும். 2011-ல் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்து 2015-ல் மறுபடி திறந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இது நிரந்தரமாகத் திறந்திருக்கும் கதவு என்று நம்பி இருக்க முடியாது.

யாருக்குப் பயன்? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காணி வாங்க நினைப்பவருக்கு. 2014-ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவுக்கு வாரிசாக வருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே அப்பாவின் வளவு கைக்கு வந்தால் போதும் என்பவர் இந்தச் செலவு செய்யத் தேவையில்லை. நாடாளுமன்றக் கனவு மட்டும் வேண்டாம்: 2022-ல் வந்த 21-ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை மறுபடி அதிலிருந்து விலக்கிவிட்டது.

இதையெல்லாம்விட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. அகதியாக ஏற்கப்பட்டு அதன் வழியே பிஆர் ஆனவர்கள் கவனிக்க வேண்டியது. 2012 டிசம்பரில் கனடாச் சட்டம் மாறியதிலிருந்து, அப்படிப்பட்டவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து, அதில் இலங்கைக்குப் போய்வந்தால், "தாய்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார்" என்று அகதி அந்தஸ்தை முடித்துவைக்க வழக்குப் போடலாம். அதோடு பிஆரும் போய்விடும். தாயின் செத்த வீட்டுக்குப் போனேன் என்றாலும் வழக்கைச் சந்திக்க வேண்டி வரலாம். குடியுரிமை பெற்றவரை இது தொடாது. ஆகவே இவர்களுக்கு முதல் வழி என்பதே கிடையாது என்பேன். தகுதி வந்ததும் குடியுரிமை, அதுவரை அந்தப் பயணம் வேண்டாம். ஏற்கெனவே போய்வந்துவிட்டவர்கள், விண்ணப்பத்தில் பயண விவரம் எழுதுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். மறைத்து எழுதுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

## ஒரு பார்வையில்

| | பிஆர் + இந்திய பாஸ்போர்ட் | கனடியக் குடியுரிமை + ஓசிஐ | ஒருவர் மட்டும் மாறுவது | கனடா + இலங்கை இரட்டை |
|---|---|---|---|---|
| வெளியே நீண்ட காலம் இருக்க | 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் | தடை இல்லை | துணையோடு இருந்தால் நாள் சேரும் | தடை இல்லை |
| அந்தஸ்து பறிபோகும் அபாயம் | உண்டு | கனடாவில் மிகக் குறைவு. ஓசிஐ ரத்தாகலாம் | பிஆரில் இருப்பவருக்கு உண்டு | கனடாவில் மிகக் குறைவு |
| ஊர் விவசாய நிலம் | திரும்பிக் குடியேறினால் வாங்கலாம் | வாரிசாக மட்டும் | இந்தியராக இருப்பவர் பெயரில், குடியேறினால் | காணி வாங்கலாம் |
| ஊரில் வாக்கு | உண்டு, நேரில் | இல்லை | ஒருவருக்கு | உண்டு |
| அமெரிக்க டிஎன் விசா | இல்லை | உண்டு | ஒருவருக்கு | உண்டு |
| செலவு | சிறிது சிறிதாக, விசாக்களோடு | ஒருமுறை, பெரிது | நடுத்தரம் | எல்லாவற்றிலும் அதிகம் |

## இடையில் வரும் வெற்றிடம்

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், உறுதிமொழிக்கும் ஓசிஐ கைக்கு வருவதற்கும் இடையில் சில வாரமோ மாதமோ ஒரு வெற்றிடம் வரும். இந்திய பாஸ்போர்ட் செத்துவிட்டது. கனடிய பாஸ்போர்ட் வந்தால்தான் ஒப்படைப்புச் சான்றிதழ், அது வந்தால்தான் ஓசிஐ. இந்த நேரத்தில் ஊரில் ஏதாவது ஆனால் சாதாரணக் கனடியரைப் போல விசா கேட்டு நிற்க வேண்டும்.

விசா கிடைக்காமலா போகும் என்று கேட்கலாம். 2023 செப்டம்பரில் இரு நாட்டுச் சண்டையில் கனடியர்களுக்கு விசா கொடுப்பதையே இந்தியா நிறுத்தியது. இ-விசா திரும்ப வந்தது நவம்பரில்தான். ஓசிஐ கையில் இருந்தவர்கள் அந்த இரண்டு மாதமும் எந்தச் சிரமமும் இல்லாமல் போய்வந்தார்கள். ஓசிஐ இன்னும் வராமல் நடுவில் நின்றவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஊரில் கல்யாணமோ, பெற்றோருக்கு அறுவை சிகிச்சையோ தேதி குறித்திருந்தால் அதை முடித்துவிட்டு வந்து உறுதிமொழி எடுங்கள். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்க முடியும். உறுதிமொழி எடுக்கும் நாள்வரை நீங்கள் பிஆர்தான், ஆகவே 730 நாள் விதியும் அதுவரை உண்டு. எடுத்த கையோடு கனடிய பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள், ஓசிஐயை "அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். பிள்ளைகளின் ஓசிஐயில் இன்னொரு வேலை உண்டு: 20 வயதுக்குள் ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும் புதியதை இணையத்தில் ஏற்ற வேண்டும், 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஓசிஐயையே மாற்ற வேண்டும்.

## ஸ்பான்சரில் வந்த அம்மா அப்பா

பிள்ளைகள் தங்களுக்கு முடிவெடுக்கும்போது பெற்றோரையும் அதே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். 55 வயது தாண்டியவர்களுக்குத் தேர்வும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை, ஆகவே விண்ணப்பம் எளிது. ஆனால் வருடத்தில் பாதி ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டு, பாதி இங்கே பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்கு 1,095 நாள் சேர்வதே கடினம். ஊரில் இன்னும் நிலம் வாங்கி விற்றுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு ஓசிஐ ஒரு முட்டுக்கட்டை.

இன்னும் பிஆருக்கே விண்ணப்பிக்காத பெற்றோர் என்றால், பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவான சூப்பர் விசாவைப் பாருங்கள். 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம், விசா பத்து வருடம் வரை செல்லும். நாள் எண்ண வேண்டியதில்லை, இந்திய பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். மருத்துவக் காப்பீட்டை மட்டும் நாமே எடுக்க வேண்டும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தவணை நன்றாகவே இருக்கும். இங்கேயே நிரந்தரமாகத் தங்கி மருத்துவம் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கும் பெற்றோருக்கு மட்டும் பிஆரும் அதற்குப் பின் குடியுரிமையும் அர்த்தமுள்ளவை. ஊரில் தெருவில் இறங்கினால் நாலு பேர் பேசுகிற வாழ்க்கை இன்னும் இருக்கும் பெற்றோருக்கு, ஐந்து வருட விசாவே அதிகம்.